ஒன்று ஒன்று ஒன்பது

கச்சான் அடிக்கிற மாதத்தில் தங்கச்சிமடத்தில்
கொடியில் காய்ந்த துணியும் நாக்கில் பட்டால் கரிக்கும்.
கதவுக் கீல், சைக்கிள் செயின், என் மூக்குக்கண்ணாடித் திருகு
எல்லாவற்றிலும் தன் பங்கை எடுக்கிற கடல்
கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைக்குமா.

நாளை இருபதாம் தேதி.
ஐஸ் கம்பெனியின் ஜிஎஸ்டி கணக்கு ஏறியாக வேண்டும்.
தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்.
அந்தோனிப்பிச்சை அதை என் சம்பளத்தில்தான் பிடிப்பார்.
இரவு ஒன்பது மணி. நெட் இல்லை.

கஸ்டமர் கேர் பெண் அன்பாகத்தான் பேசினாள்.
"எல்லா ப்ளக்கையும் பிடுங்கிட்டு மாட்டுங்க நாகஜோதி மேடம்."
மாட்டினேன்.
"பச்சை லைட் எரியுதா?"
எரிகிறது.
"சிவப்பு?"
இல்லை.
"அப்ப எங்க பக்கம் சரியா இருக்கு மேடம்."
எல்லோருக்கும் அவரவர் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது.

மொட்டைமாடியில் நின்று போனில் முயன்றேன்.
இலங்கைக்கு நல்வரவு என்று ஒரு செய்தி வந்தது.
இறங்கி வந்துவிட்டேன்.

கேபிள்காரன் சகுபர் சாதிக் பாம்பனில் கல்யாண வீட்டில் இருந்தான்.
பிரியாணிச் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்:
"அக்கா, பின்னாடி வயரை உருவி
ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க."
எட்டுக் கம்பிகள், மயிரிழை தடிமன்.
மூன்றில் களிம்பு.
பழைய பல்துலக்கி, காயத்துக்கு வைத்திருந்த ஸ்பிரிட்,
மகனின் பென்சில் நுனியிலிருந்து கிள்ளிய ரப்பர்.
ரப்பரை ஊக்கில் குத்தி ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்.
செருகியதும் டிக் என்றது.
ஆரஞ்சு விளக்கு, இருமிக்கொண்டே எழுந்திருப்பவர் மாதிரி,
விட்டுவிட்டு எரிந்தது.

கறுப்புத் திரையில் பிங் போட்டேன்.
நாலு முறை கூப்பிட்டதற்கு நாலு முறை பதில்.
வழியில் ஒன்றும் தொலையவில்லை என்று கணக்கும் காட்டியது.
பக்கம் மட்டும் திறக்கவில்லை.
எந்த முகவரியைத் தட்டினாலும் ஒரே எச்சரிக்கை:
இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.

இன்னும்.

காலாவதி என்றால் எனக்குப் புரியும்.
இது என்ன, இன்னும்?

வலது மூலையில் கடிகாரம்.
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது. வியாழக்கிழமை.
நள்ளிரவு தாண்டி நாற்பத்தேழு நிமிடம்.

உள்ளே பொத்தான் அளவு பேட்டரி செத்திருக்கிறது.
ப்ளக்கைப் பிடுங்கியதும் பெட்டி
தனக்குத் தெரிந்த முதல் நாளுக்கே ஓடிப்போய்விட்டது.
அதன் கணக்கில் ஜிஎஸ்டி என்று ஒன்று கிடையாது.
அபராதத்துக்குப் பதினைந்து வருசம் அவகாசம்.
மகன் பிறக்கவில்லை,
ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிக்கும்.
அவர் இன்னும் பெண் பார்க்க வரவில்லை,
வந்து, காபியில் சர்க்கரை போதாது என்று சொல்லவில்லை,
திருப்பூர் போய்த் திரும்பாமலும் இல்லை.

தேதியை மாற்றும் இடத்தில்
கொஞ்ச நேரம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
ஆசை என்று சொல்ல மாட்டேன்.
கழுத்து வலித்தது.

வருசத்தை ஏற்றும் அம்புக்குறி எள்ளளவு.
ஒரு அழுத்தத்துக்கு ஒரு வருசம்.
பத்து. பதினொன்று.
அங்கே விரல் தானாக வேகமெடுத்தது.
பதினேழில் வேலைக்குச் சேர்ந்தேன், அங்கே கொஞ்சம் மெதுவாக.
இருபதும் இருபத்தொன்றும் யாருக்கும் வேண்டாத வருசங்கள்.
இருபத்து நான்கு. ஆகஸ்ட். பத்தொன்பது.
சரி.

பக்கம் திறந்தது.
நான் மனிதப் பிறவிதானா என்று
கோணல் எண்களைக் காட்டி அரசாங்கம் கேட்டது.
இரண்டாம் முறைதான் நம்பியது.
பதினொன்று ஐம்பதுக்கு ரசீது வந்தது.

பேட்டரி முப்பது ரூபாய்.
பஸ் ஸ்டாப் எதிரே வாட்ச் கடையில் கிடைக்கும்.
தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன்.
நாலாம் நாள் சகுபர் கூப்பிட்டான்,
"வாங்கியாச்சா அக்கா?"
கரண்ட் அப்போதுதான் போய் வந்திருந்தது.
"இன்னைக்கு வாங்கிருவேன் தம்பி" என்கிறேன்,
மூலையில் மறுபடி வியாழக்கிழமை.